மாடிப் போர்ஷனும் ஒத்தைத் தும்மலும்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க மக மாடியைப் பார்த்துட்டு மெதுவா வரட்டும். பொம்பளைப் பிள்ளை தங்குற எடம், சன்னல், தாப்பா, பாத்ரூம் குழாய் எல்லாத்தையும் தொறந்து மூடிப் பார்க்கணும்ல. நாம எதுக்குப் பின்னாடியே போய் நிக்கணும். காபி குடிப்பீகளா? விடிய முன்ன சாத்தூர்ல பஸ் ஏறுனேன்னீக, குடிக்காம என்ன. இந்தா கலந்துட்டேன், பிடிங்க.

சத்தம் எனக்குத் தொந்தரவா இருக்குமான்னு கேட்டீக பாருங்க, அதுக்குத்தான் சிரிச்சேன். தப்பா நினைச்சுக்கிறாதீக. பிள்ளை பாட்டு காலேஜ்ல சேர்ந்திருக்கு, வயலின் படிக்குது, காலையிலயும் சாயந்தரமும் வாசிச்சுப் பழகணும், அதனால ஆறு வீட்டுல எடம் இல்லைன்னுட்டாகன்னு சொன்னீக. வயலினெல்லாம் ஒரு சத்தமா தம்பி? இந்த மாடியில போன மாசம் வரைக்கும் நாதஸ்வரம் குடியிருந்துச்சு. ஒரு வருஷம் பத்து மாசம். நம்புவீகளா?

இந்தத் தெருவுல பாட்டு காலேஜ் பிள்ளைகளுக்கு வீடு விடுறதுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. பாட்டுன்னா சரிம்பாக. வீணைன்னா ரொம்பச் சரி, பேயிங் கெஸ்ட்டாவே வச்சுக்குவாக. மிருதங்கம்னா யோசிச்சுச் சொல்றோம்பாக. தவில்னா கதவைச் சாத்திருவாக. நான் ஒரு தடவை தெரியாம டான்ஸ் படிக்கிற பிள்ளைக்கு விட்டேன். டான்ஸ்ல என்ன சத்தம் வந்துறப்போகுது, கையைக் கண்ணை ஆட்டிக்கிட்டுக் கெடக்கும்னு நினைச்சேன். தட்டடவுன்னு ஒண்ணு இருக்காம்ல தம்பி. அந்தப் பிள்ளை மாடியில தையா தைன்னு மிதிக்கும், கீழ என் ரசத்துல சுண்ணாம்பு விழும். அது படிச்சு முடிச்சுப் போனதும் போர்டுலயே எழுதிட்டேன். டான்ஸ் கிடையாது, தவில், மிருதங்கம் கிடையாது.

நாதஸ்வரம் கிடையாதுன்னு எழுதல. எதுக்கு எழுதப்போறேன்? பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும் விடுற வீடு. நாதஸ்வரம் தேடி வரும்னு யாரு கண்டா.

அப்படித்தான் செண்பகவல்லி வந்து நின்னா. கழுகுமலைப் பக்கம். கையில நீளமா ஒரு துணிப்பை. பதினோரு தெரு அலைஞ்சிட்டேன் பெரியம்மான்னா. என்னம்மா படிக்கிறேன்னேன். ஊதுற வாத்தியம்னா. பொம்பளைப் பிள்ளை ஊதுதுன்னா புல்லாங்குழலாத்தான் இருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன். பை கொஞ்சம் நீளம்தான். இந்தக் காலத்துல அப்படியும் செய்றாக போலன்னு விட்டுட்டேன். பக்கத்துல எங்க அரசி நின்னா. அரசின்னா என் மக. மங்கையர்க்கரசி, தபாலாபீஸ்ல வேலை. அவ அந்தப் பையைப் பார்த்தா, அந்தப் பிள்ளையைப் பார்த்தா, 'அம்மா, இவளுக்கே குடுத்துரு'ன்னா. ஆளைப் பார்த்ததும் எடை போடுறதுல அவ அவுகப்பா மாதிரி. அவுக போய் ஒம்பது வருஷம் ஆச்சு. அதுலருந்து இந்த வீட்டுல நானும் அரசியும்தான்.

மறுநாள் காலைல அஞ்சரை மணி. நான் வாசல் தெளிச்சுக்கிட்டு இருக்கேன். மாடியிலருந்து எடுத்தா பாருங்க. வாளியைக் கீழ போட்டுட்டேன். தெருவுல ஒவ்வொரு லைட்டா எரியுது. எதிர்வீட்டுக் குருவம்மாக்கா பட்டுச்சேலையைப் பாதி சுத்துனபடி ஓடி வர்றாக. 'ஏண்டி சௌந்தரம், அரசிக்கு முகூர்த்தம் வச்சிருக்கே, நாப்பது வருஷமா எதிர்த்தாப்புல இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா'ன்னு அழுகுறாக. அன்னைக்கு முழுக்க விளக்கம் சொல்றதே எனக்குச் சோலியாப் போச்சு. பால்காரர் அரசிக்குன்னு ஒரு முழம் மல்லிகைப்பூவே கொண்டு வந்துட்டாரு.

சாயந்தரமே காலி பண்ணச் சொல்லணும்னுதான் மாடி ஏறுனேன். அரசி விடல. 'மங்கள வாத்தியம்மா, காசு குடுத்தாலும் தினமும் வீட்டுல கேக்காது'ங்கிறா. அந்தப் பிள்ளையும் அழுகல, கெஞ்சல. 'குழலோட வாயில துண்டைச் செருகிக்கிறேன் பெரியம்மா, சன்னலைச் சாத்திக்கிறேன்'ங்குது. செருகுச்சு. சாத்துச்சு. அப்படியும் குருவம்மாக்கா வீடு வரைக்கும் கேட்டுச்சு. ஆனா தெரு பழகிருச்சு தம்பி. மூணே மாசத்துல, புது வண்டி வாங்குனவரு அஞ்சரைக்குத்தான் எலுமிச்சம்பழம் நசுக்குனாரு. கடைசி வீட்டுல பேரனுக்குக் காது குத்த நேரம் குறிச்சுட்டு, செண்பகவல்லிக்கு அன்னைக்குக் காலேஜ் லீவான்னு என்கிட்ட ஆள் விட்டுக் கேட்டாக.

இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். நான் பொறுக்காதது வேற.

எங்க அரசிக்கு வயசு அப்ப இருபத்தெட்டு. நாலு வருஷமா வரன் பார்த்துக்கிட்டு இருக்கேன். நான் பார்க்காத பார்வை இல்ல, போகாத கோயில் இல்ல. நல்ல எடமாத்தான் வரும். விருதுநகர்லருந்து வந்தாக, பையன் மருந்துக் கம்பெனியில வேலை. எல்லாம் நல்லாப் பேசி, அவுகம்மா 'அப்ப பூ வச்சிரலாமா'ன்னு கேட்டாக. எனக்குத் தும்மல் வந்துருச்சு. ஒத்தைத் தும்மல். நல்ல வார்த்தை பேசுறப்ப ஒத்தைத் தும்மல் விழுந்தா யாரு தம்பி பூ வைப்பா? ரெண்டாவது ஒண்ணு சேர்ந்து வந்துட்டா பரவாயில்லை. வரமாட்டேங்குது. எம்புட்டோ முயற்சி பண்ணுனேன், வரல. போன் பண்றோம்னு எந்திரிச்சுட்டாக.

எனக்குத் தூசி ஆகாது. வேற ஒண்ணும் இல்ல. வர்றவுக கண்ணுல ஒரு பொட்டுத் தூசி படக்கூடாதேன்னு, அவுக வர்ற நேரம் பார்த்துப் பீரோ மேல, பரண் மேல எல்லாம் தட்டி வைப்பேன். பொறுப்பா வீடு வச்சிருக்கிறவுகளுக்கு இது ஒரு கஷ்டம். பெறகு திண்டுக்கல்லுலருந்து ஒரு வாத்தியார் வந்தாரு. தங்கமான பையன். தும்மல். அங்கிட்டுத் தண்ணி செரியில்லைங்க, போனது நல்லதுக்குத்தான். அடுத்து சிவகாசி. பிரஸ் வச்சிருந்தாக. தும்மல். பெறகு நம்ம மதுரைக்குள்ளயே, புதூர்ல ஒரு எடம். இங்கிருந்து ரெண்டு பஸ் ஸ்டாப்பு. நெனைச்சா நெனைச்ச நேரம் மகளைப் போய்ப் பார்க்கலாம். அதுக்கும் வந்துருச்சு. பக்கம், தூரமெல்லாம் தூசிக்குத் தெரியுமா?

அவுக போனதும் அரசி டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் படுக்கப் போயிருவா. புதூர்க்காரக போனன்னைக்கு மட்டும், டம்ளரெல்லாம் கழுவி வச்சுட்டு, 'அம்மா, டாக்டரப் பார்ப்போமா'ன்னா. எதுக்குடி டாக்டரு, சாதாரணத் தும்மல்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி மாடிக்குப் போய் செண்பகவல்லி கூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தா. வயசுப் பிள்ளைக, சினிமாக் கதை பேசும்னு நான் படுத்துட்டேன்.

அடுத்த மாசம் தென்காசியிலருந்து ஒரு வரன். அவுகளா விசாரிச்சுக்கிட்டு வந்தாக. இசக்கிராஜன்னு பேரு, பையனும் தபால் இலாகாதான். அரசி மாதிரியே அவரும் அதுக்கு முந்துன வருஷம் மதுரையில டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதியிருக்காரு. ஒரே ஹால் போல. எப்படிப் பொருத்தம் பாருங்க, தானா அமையுது. காபி குடுக்குறப்ப அரசி அவரு டம்ளர்ல மட்டும் சக்கரை போடல. நான் மறந்துட்டா போலன்னு சக்கரையை எடுத்துட்டு ஓடுறேன், 'இல்லைங்க, நான் சக்கரை இல்லாமத்தான் குடிப்பேன்'ங்கிறாரு. தெய்வச் செயல்னு நினைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குப் பார்த்து வீட்டுல தூசித் துணியைக் காணோம். பரண்ல ஏறுற ஸ்டூலையும் காணோம். அரசி முதல் நாளே எல்லாத்தையும் தட்டித் தொடைச்சு முடிச்சிருந்தா. சரின்னு நான் அடுப்படியில மிளகுப்பொடி இருக்கான்னு டப்பாவைத் தொறந்து பார்த்தேன். காபிக்கு எதுக்கும்மா மிளகுப்பொடின்னு அரசி கேட்டா. வந்தவுகளுக்குப் பொங்கல் கிண்டலாமான்னு ஒரு யோசனைன்னேன். மணி சாயந்தரம் நாலரை. அவ ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போய் மாடிப்படி ஓரமா நின்னுக்கிட்டா. சபை முழுக்க இங்க இருக்கு, பொண்ணு மாடிப்படியில நிக்குது. உக்காரும்மான்னா, இங்கதான் காத்து வருதுங்கிறா.

மாடியில செண்பகவல்லி கூடப் படிக்கிற பிள்ளைக ரெண்டு பேரு வந்திருந்தாக. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கணும்னு. ரெண்டும் தவில் படிக்கிற பிள்ளைக. அது எனக்கு அப்பத் தெரியாது. சாக்கு மூட்டையை யாரோ ஏத்துறாகன்னு நினைச்சேன்.

பேச்சு நடந்துச்சு. எல்லாம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா பெரிய மனுஷர், வெத்தலைத் தட்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, 'அப்ப உறுதி பண்ணிக்கிருவோமா சம்பந்தி'ன்னாரு. எனக்கு மூக்குக்குள்ள குறுகுறுங்குது. கண்ணு சொருகுது. மூஞ்சி சுருங்குது. அந்த நேரம் பார்த்து அரசி கொண்டை ஊசி சரி பண்றதுக்கோ என்னத்துக்கோ கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி மாடியைப் பார்த்து ஆட்டுறா.

கெட்டிமேளம் தம்பி. முழுக் கெட்டிமேளம். ரெண்டு தவிலு, ஒரு நாதஸ்வரம், துண்டும் செருகல, சன்னலும் சாத்தல. சுவத்துல அரசி அப்பா போட்டோ ஆடுச்சு. நான் தும்முனேன். சத்தியமாத் தும்முனேன். என் தும்மல் எனக்கே கேக்கல. என் வாய் தொறந்து மூடுனதைப் பார்த்துட்டு மாப்பிள்ளையோட அம்மா, 'பாருங்க, சம்பந்தியம்மா சந்தோஷத்துல சரின்னு சொல்றாக'ன்னாக. நேரம் பார்த்து மேளம் கேட்டுச்சே, இதைவிட நல்ல சகுனம் உண்டான்னு அவுக கன்னத்துல போட்டுக்கிட்டு, கையோட கொண்டு வந்த பூவை அரசி தலையில வச்சுட்டாக. தட்டு மாத்தியாச்சு. எதிர்வீட்டுலருந்து குருவம்மாக்கா இந்தத் தடவை பட்டுச்சேலையை முழுசாக் கட்டிக்கிட்டு வந்துட்டாக.

எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. பிள்ளை கல்யாணத்துக்கு நான் நாலு வருஷமா நாயா அலைஞ்சிருக்கேன், பக்குவமாப் பேசி முடிக்க வேண்டிய காரியத்தை இப்படியா மேளம் அடிச்சு அவசரப்படுத்துறது? அவுக போனதும் மாடி ஏறி, 'பரீட்சைக்குப் படிக்கிறதுன்னா இதானா, நீ வேற வீடு பார்த்துக்க'ன்னு செண்பகவல்லிகிட்டச் சொல்லிட்டேன். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'பெரியம்மா, அக்கா போயிட்டா தனியா இருக்கணுமேன்னு பயமா இருக்கா'ன்னு கேக்குது. கேள்வியப் பாருங்க. எனக்கென்ன பயம்? கதவுக்கு ரெண்டு தாப்பா இருக்கு, கேட்டுக்குப் பூட்டு இருக்கு. அப்படித்தான் சொன்னேன். கீழ வந்தா அரசி, பூவைக் கழட்டாம அப்படியே உக்காந்திருக்கா. இம்புட்டு அவசரம் எதுக்குடின்னேன். 'அம்மா, நான் உன்னை விட்டுட்டு ஓடலம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போறேன். அம்புட்டுத்தான்'ங்கிறா. நான் என்ன கேட்டேன், இவ என்ன சொல்றா பாருங்க. யாருமே என் கேள்விக்குப் பதில் சொல்லல அன்னைக்கு.

செண்பகவல்லி வீடு தேடி அலைஞ்சா. உங்க பிள்ளைக்கு ஆறு வீடு. அவளுக்கு இருபது வீடு. ஒருத்தர், ஊதாமப் படிக்க முடியாதாம்மான்னு கேட்டிருக்காரு. இன்னொரு வீட்டுல, மொட்டை மாடித் தண்ணி டேங்குக்குப் பின்னால உக்காந்து ஊதுறதுன்னா சரின்னாகளாம். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன் அம்மா நல்லவுக, எடம் குடுத்துட்டாக. முதல் நாளே அங்க இருக்கிற நர்ஸ் பிள்ளைக, நைட் டூட்டி பார்த்துட்டுத் தூங்குறவுக, கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டாகளாம். பையைத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்து நின்னா. உதட்டு ஓரம் வெடிச்சுப் போயிருக்கு. ஊதிப் பழகணும், எடம் இல்ல, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போய் ஊதியிருக்கா. சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டேன். இல்லைன்னா. உள்ள வான்னேன்.

ஆவணியில கல்யாணம். செண்பகவல்லிதான் நாதஸ்வரம். சம்பளம் வேணாம்னுட்டா. பொம்பளைப் பிள்ளை ஊதுறதைப் பார்க்கவே மண்டபத்துல கூட்டம். எனக்கு அன்னைக்குத் தும்மலே வரல. மண்டபம் முழுக்கத் தூசி, ஓமப் புகை வேற, ஒண்ணும் வரல. தாலி கட்டுற நேரம் அய்யர் கையைத் தூக்கி கெட்டிமேளம்னாரு. அரசி தலையைக் குனிஞ்சா. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. கண்ணு கலங்குறதெல்லாம் இல்ல. வாய்விட்டுச் சத்தம் போட்டு அழுதேன். என் பிள்ளை போறாளே, நான் யாருக்குச் சோறு பொங்குவேன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். பக்கத்துல நின்ன குருவம்மாக்காவுக்கே கேக்கல. ஒருத்தருக்கும் கேக்கல. செண்பகவல்லி மட்டும் என்னையவே பார்த்துக்கிட்டு ஊதுறா. மூணு முடிச்சும் விழுந்தாச்சு, அட்சதை போட்டாச்சு, தவில்காரர் நிறுத்துவோமான்னு அவ மூஞ்சியைப் பார்க்குறாரு. அவ நிறுத்தல. நான் முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சு முடிக்கிற வரைக்கும் ஊதுனா.

அப்புறம் என்ன. அவளும் படிச்சு முடிச்சுட்டா. போன மாசம் ஒரு கோயில்ல வேலை கெடைச்சுப் போயிட்டா. அரசி தென்காசியில நல்லா இருக்கா, நாளுக்கு ரெண்டு தடவை போன் பண்ணுவா. வீடுதான் தம்பி, என்னமோ மாதிரி இருக்கு. அஞ்சரைக்கு முழிப்பு வந்துருது. முழிச்சு என்ன செய்ய? குக்கர் விசில் வந்தாக்கூட நல்லா இருக்கேன்னு அரைப்படி அரிசியை வச்சுட்டு, பெறகு குருவம்மாக்காகிட்டக் குடுக்குறேன். அதான் போர்டுல பழசையெல்லாம் அழிச்சுட்டு, எந்த வாத்தியமானாலும் சரின்னு எழுதி மாட்டியிருக்கேன். பார்த்தீகல்ல?

பிள்ளை எறங்கி வருது. எடம் பிடிச்சிருக்காம்மா? குழாய் நல்லா வருதா? காலைல அஞ்சரைக்கு வாசி. நாலரைக்கு எந்திரிச்சு வாசிச்சாலும் சரிதான். சன்னலைத் தொறந்து வச்சே வாசி. ஊருக்குப் போறதுன்னா மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே என்கிட்டச் சொல்லிரணும், திடீர்னு பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பக்கூடாது. காபி குடிக்கிறியா? உக்காரு, சூடு பண்ணிக் குடுக்குறேன்.

தம்பி, பிள்ளை அங்கிட்டுப் போனதும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பிள்ளைக்கு எங்கயும் மாப்பிள்ளை பேசி வச்சிருக்கீகளா? இல்லையா. அதானே, என்ன அவசரம், நல்லாப் படிக்கட்டும். அப்படியே யாராவது பொண்ணு கேட்டு வந்தாலும் சாத்தூருக்கு வரச் சொல்லி நீங்க செரமப்படாதீக. இங்கயே, இந்த முன் ரூமுக்கே கூட்டிட்டு வாங்க. பலகாரம், காபியெல்லாம் நான் பார்த்துக்கிறேன். வீட்டையும் நானே தட்டித் தொடைச்சு வச்சிருவேன். பேசி முடிக்கிறப்ப நானும் ஒரு ஓரமா கூட உக்காந்துக்கிறேன்.